மௌனத்தின் விலை

சுன்னாகச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் ஒரு தாயாரைக் கவனித்துப் பாருங்கள். கடகத்தின் அருகிற் குந்தியிருந்து ஒரு காயை எடுத்துக் காம்பைப் பார்ப்பார், விலையைக் கேட்பார், கேட்ட மாத்திரத்தில் எழுந்து இரண்டடி நடப்பார். வியாபாரி மறுபடி அழைப்பார். விலை சற்றே இறங்கும். அம்மையாரும் சற்றே ஏறுவார். முடிவில் இருவரும் ஓரிடத்திற் சந்திப்பர். இதில் எவருக்கும் நட்டமில்லை, எவருக்கும் மனத்தாங்கலுமில்லை. அடுத்த வாரமும் அதே கடகத்தருகே அதே அம்மையார் குந்தியிருப்பார்.

ஆனால் வீட்டு இணைய இணைப்புக்கென மாதந்தோறும் வரும் பில்லைக் கையில் எடுத்ததும் அதே தாயாரின் வாய் அடைத்துப் போகின்றது. கடகத்து விலை மனிதன் சொன்ன விலை, அதனோடு பேசலாம். அச்சிட்ட தாளில் உள்ள விலையோ தலையெழுத்துப் போன்றது. அதனோடு பேச முடியாது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் எத்துணை தவறானது என்பதையும், அதற்காக ஒரு குடும்பம் எவ்வளவு பணத்தைக் கொடுத்துத் தீர்த்தது என்பதையும் சென்ற ஆண்டு, அதாவது 2025ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இலண்டன் நகரில் நேரிற் கண்டேன். எம்மவரில் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகளும் சகோதரர்களும் அந்நகரில் வாழ்கின்றமையால், அதனை இங்கே எடுத்துரைப்பது பயனுடையது என நினைக்கின்றேன்.

மேசை அறையில் இருந்த கடிதங்கள்

என் சின்னம்மா இலண்டனின் வடமேற்கே ஹறோ என்னும் பகுதியில் தனித்து வாழ்கின்றார். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் சித்தப்பாவுடன் அங்கு சென்றவர். அவ்வீட்டுக்கு இணைய இணைப்பை 2009ஆம் ஆண்டில் எடுத்தவர் சித்தப்பாவே. 2021ஆம் ஆண்டில் அவர் காலமானார். அதன் பின்னரும் பில் அவர் பெயருக்கே வந்தது. இருவர் பெயரிலும் இருந்த வங்கிக் கணக்கிலிருந்து பணமும் மாதந்தோறும் தானாகவே கழிந்து வந்தது.

அந்த இணைப்பு சின்னம்மாவுக்கு வெறும் கம்பியன்று. இலண்டனில் நண்பகல் ஆகும்போது யாழ்ப்பாணத்திற் பின்னேரம் நாலரை மணி. அந்த வேளையில் நாள் தவறாது என் தாயாரும் அவரும் திரையில் முகம் பார்த்துப் பேசுவர். மழை பெய்ததா, மாமரம் பூத்ததா, கோயிற் கொடி எப்போது ஏறுகின்றது என்பனவே பேச்சு. எனினும் அந்த அரைமணி நேரம் இல்லாவிடின் இருவருக்கும் அன்றைய பொழுது பொழுதாகாது.

நான் அங்கு தங்கியிருந்த நாளொன்றில் தற்செயலாக அந்தப் பில்லைப் பார்க்க நேர்ந்தது. மாதம் 54 பவுண். பழைய செப்புக் கம்பி வழியே வரும், அத்துணை வேகமில்லாத இணைப்பு அது. அதே தெருவில் புதிதாகச் சேருபவருக்கு, கண்ணாடி இழை வழியே இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வேகத்துடன், ஏறக்குறைய 30 பவுணுக்கு இணைப்புக் கிடைத்தது. பதினாறு ஆண்டுகள் ஒரு நாளும் தவணை தவறாது பணம் கட்டிய வீட்டுக்கு 54. நேற்று வந்தவருக்கு 30!

“சின்னம்மா, இதைப்பற்றிக் கம்பனி ஒன்றும் அறிவிக்கவில்லையா?” என்று கேட்டேன். அவர் எழுந்து சென்று மேசையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டுக் கடிதங்கள். ஒன்றேனும் உடைக்கப்பட்டிருக்கவில்லை.

“அவரின்ரை பேருக்கு வந்த கடிதத்தை நான் எப்பிடித் தம்பி உடைக்கிறது?” என்றார்.

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அவர் எடுத்துத் தந்த லைன். அதைப் போய்க் கிளறினால், செத்தவரின் பேரிலை ஏன் வைச்சிருந்தனீங்கள் எண்டு கேட்டு வெட்டிப்போட்டாங்கள் எண்டால்? அக்காவோடை கதைக்கிறதும் இல்லாமற் போகும்,” என்றார்.

அவருடைய மௌனத்துக்குக் காரணம் சோம்பலன்று, அறியாமையுமன்று. ஒரு புறம் பற்று. மறு புறம் அச்சம். இவ்விரண்டுக்குமாகவே மாதந்தோறும் இருபது பவுணுக்கு மேல் அவர் அதிகமாகக் கட்டி வந்தார்.

பழைய வாடிக்கைக்காரருக்கு ஏன் கூடிய விலை?

சுன்னாகத்து வியாபாரி பழைய வாடிக்கைக்காரருக்கு ஒரு காய் கூட்டிப் போடுவார். இங்கோ முறை தலைகீழாக இருக்கின்றது. புதியவரைக் கவர்வதற்கு முதல் 12, 18 அல்லது 24 மாதங்களுக்குக் குறைந்த விலை காட்டப்படுகின்றது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அச்சலுகை மறைந்து விலை மேலேறுகின்றது. அதைக் கவனித்து எழுந்து நடப்பவர்களுக்குக் கம்பனி மறுபடி விலையைக் குறைக்கின்றது; கவனியாதோர் ஏறிய விலையையே கொடுத்துக்கொண்டிருப்பர். ஆகவே, பேசுகின்றவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியின் ஒரு பகுதியைப் பேசாதிருப்பவரே தம் பையிலிருந்து கொடுக்கின்றார் எனலாம்.

இது என் சின்னம்மா ஒருவருக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. பிரித்தானியாவிற் பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை வழங்கும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்னும் ஸ்தாபனம் 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில் அந்நாட்டின் போட்டி, சந்தை அதிகாரசபையிடம் இதுகுறித்து முறையிட்டது. வீட்டு இணையம், கைத்தொலைபேசி, வீட்டுக் காப்புறுதி, வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு ஆகிய ஐந்து துறைகளிலும் விசுவாசமாக நிலைத்திருக்கும் வாடிக்கையாளர் அதற்காகவே தண்டம் இறுக்கின்றனர் என்பது அதன் வாதம். அதனை ஆராய்ந்த அதிகாரசபை, அவ்வாண்டு டிசெம்பரில் வெளியிட்ட பதிலில், ஐந்து துறைகளிலும் சேர்த்து இத்தண்டம் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 400 கோடிப் பவுண் ஆகுமெனக் கூறியது. முதியோரும் வறியோரும் நோயாளரும் இதனால் அதிகம் பாதிக்கப்படக்கூடும் என்ற கவலையையும் அது தெரிவித்தது.

இதன் பின் காப்புறுதித் துறையில் ஒரு கண்டிப்பான விதி வந்தது. வீட்டுக்கும் மோட்டார் வாகனத்துக்கும் காப்புறுதியைப் புதுப்பிக்கும் பழைய வாடிக்கையாளரிடம், அதே காப்புறுதிக்குப் புதியவரிடம் கேட்கும் விலையிலும் கூடுதலாகக் கேட்கலாகாது என்ற விதி 2022ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது. இணையத் துறையில் அவ்வாறான தடை விதிக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, அத்துறையை மேற்பார்வை செய்யும் ஒப்கொம் என்னும் ஸ்தாபனம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. 2020ஆம் ஆண்டு பெப்ரவரியிலிருந்து, ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாட்களுக்கு முன்பாக ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கம்பனி அறிவித்தல் அனுப்பவேண்டும். ஒப்பந்தம் முடியும் தேதி, இப்போதைய விலை, முடிந்தபின் வரும் விலை, அக்கம்பனியிடமுள்ள சிறந்த சலுகைகள் ஆகிய யாவும் அதில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தம் முடிந்தும் அப்படியே இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது இது நினைவூட்டப்பட வேண்டும்.

இழுப்பறையில் உடைக்கப்படாது கிடந்த கடிதங்களுள் இத்தகைய அறிவித்தல்களும் இருந்தன! சட்டம் தன் கடமையைச் செய்திருந்தது. ஆயினும் சட்டம் தருவது செய்தியை மாத்திரமே. குறைந்த விலையை அது கொண்டுவந்து தருவதில்லை. வாய் திறந்து கேட்கவேண்டியவர் வாடிக்கையாளரே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எழுந்து நடக்கும் வலிமை

சந்தையில் அம்மையாரின் வலிமை எங்கே இருக்கின்றது? அவருடைய நாவிலன்று, காலில் இருக்கின்றது. அடுத்த கடகத்துக்கு அவர் நடக்கக்கூடும் என்பதை வியாபாரி அறிவார். அடுத்த கடகமே இல்லாத சந்தையில் எந்தப் பேச்சும் பலிக்காது.

பிரித்தானியாவின் பெரும்பாலான இடங்களில் அடுத்த கடகம் உண்டு. நாடெங்கும் ஓடும் கம்பிகளிற் பெரும்பகுதியை ஓப்பன்றீச் என்னும் நிறுவனம் பராமரிக்கின்றது. பல கம்பனிகள் அதே கம்பியை வாடகைக்குப் பெற்றுத் தத்தம் பெயரில் இணையத்தை விற்கின்றன. எனவே கம்பனியை மாற்றுவது என்பது பல வீடுகளிற் கம்பியை மாற்றுவதன்று. பில் அனுப்புபவரை மாற்றுவதே. தனிக் கம்பி வைத்திருக்கும் கம்பனிகளும் உள. அவற்றுக்கிடையே மாறுவது முன்னர் கடினமாயிருந்தது. பழைய கம்பனியை நாமே அழைத்து நிறுத்தச் சொல்லவேண்டும். இடையிற் சில நாட்கள் இணைப்பு அறுந்துபோகலாம். 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் தேதி முதல் அந்நிலை மாறிவிட்டது. இப்போது புதிய கம்பனியிடம் மாத்திரம் சொன்னாற் போதும். பழையதை நிறுத்தும் ஒழுங்கையும் அதுவே கவனித்துக்கொள்ளும்.

இவ்வளவையும் சின்னம்மாவுக்கு எடுத்துச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே: “அப்ப அக்காவோடை கதைக்கிறது ஒரு நாளும் நிக்காதோ?” பெரும்பாலும் தடை சில நிமிடங்களே என்றேன். அதன் பின்னரே அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டார்.

முன்னேற்பாடு

முதலிற் செய்யவேண்டியது பெயர் மாற்றம். கணக்கு எவர் பெயரில் இருக்கின்றதோ அவருடனன்றிக் கம்பனி விலை பேசாது. அழைத்துச் சொன்னபோது, அதற்கென்றே தனிப் பிரிவு ஒன்று இருந்தது. மறுமுனையிற் பேசிய பெண்மணி அனுதாபம் தெரிவித்து, மரணச் சான்றிதழின் விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். எவரும் அதட்டவில்லை, இணைப்பை எவரும் வெட்டவுமில்லை. நான்கு ஆண்டுகளாக அஞ்சியிருந்த காரியம் இருபது நிமிடத்தில் முடிந்தது. தொலைபேசியை வைத்த பின் சின்னம்மா சிறிது நேரம் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, மூன்று தாள்களை மேசைமேல் வைத்தோம். முதலாவது, பில்லும் ஒப்பந்தம் முடிந்த தேதியும். ஒப்பந்தக் காலம் முடியாதிருப்பின் விலகுவதற்குத் தண்டம் உண்டு. ஆகையால் இத்தேதியை அறியாது பேசத் தொடங்குதல் கூடாது. இரண்டாவது, அவ்வீட்டின் தபாற் குறியீட்டுக்கு ஏனைய கம்பனிகள் கேட்கும் விலைகள். மூன்றாவது, வீட்டுக்கு எவ்வளவு வேகம் தேவை என்ற குறிப்பு. மூன்றாவதையே பலர் கவனிப்பதில்லை. முகம் பார்த்துப் பேசுவதற்கும், தெளிவான ஒரு திரைப்படத்தை இணைய வழியே பார்ப்பதற்கும் வினாடிக்கு 5 மெகாபிட் அளவே போதும். நால்வர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் வீட்டுக்கு இதனிலும் பன்மடங்கு வேண்டும்; தனியொரு முதியவருக்கு வினாடிக்கு 500 மெகாபிட் எதற்கு? விற்பவர் எப்போதும் பெரியதையே காட்டுவார். தேவையை அறிந்தவர் அதனால் மயங்கார்.

பேச்சு

அழைத்தவுடன் பேசுபவருக்கு விலை குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. விலகிச் செல்ல எண்ணும் வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்வதற்கென ஒரு பிரிவு உண்டு; சலுகை வழங்கும் அதிகாரம் அங்கேயே இருக்கின்றது. “நான் விலக எண்ணுகின்றேன்” என்ற சொல்லே அக்கதவின் திறவுகோல். ஆயினும் அச்சொல்லைப் பொய்யாகச் சொல்லலாகாது. சரி, நிறுத்திவிடுகின்றோம் என்று அவர்கள் கூறினால், உண்மையாகவே செல்வதற்கு இடம் இருத்தல் வேண்டும்.

நான் பேசுவதாகச் சொன்னேன். சின்னம்மா கையசைத்து மறுத்துவிட்டார். அவருடைய ஆங்கிலம் எளிமையானது. மறுமுனையில் இருந்தவர் ஓர் இளைஞர். சின்னம்மா அவருக்கு வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, பின்னர் அமைதியாகக் கூறினார்: “தம்பி, பதினாறு வருஷமாக உங்களிடம் வாங்குகிறோம். நான் 54 பவுண் கட்டுகிறேன். என் அயல்வீட்டில் 30 பவுண் கட்டுகிறார்கள். பழைய வாடிக்கைக்காரிக்கு உங்கள் விலை என்ன?”

இவ்வாறு கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனத்தை நான் வியந்தேன். கேள்வி கேட்ட பின் நாமே தொடர்ந்து பேசி, மற்றவர் பதிலை நாமே சொல்லிக் கொடுப்பது பலரிடமுள்ள குறை. இத்தனை ஆண்டுகள் அவருக்கு நட்டம் விளைத்த மௌனம், உரிய இடத்தில் வந்தபோது இலாபமாயிற்று. முதலில் 44 என்றார் இளைஞர். நன்றி சொல்லி, அது தமக்கு இயலாது என்றார் சின்னம்மா. பின்னர் 36, அதன் பின் 28, கண்ணாடி இழை இணைப்புடன். அப்போதும் அவர் சம்மதிக்கவில்லை. “யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்” என்று தொலைபேசியை வைத்தார். கத்தரிக்காய்க் கடகத்தைவிட்டு எழுந்து இரண்டடி நடந்த காட்சி என் கண்முன் வந்தது.

தாளிற் போட்ட கணக்கு

அன்றிரவு கணக்குப் பார்த்தோம். இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். முன்னாளில் அங்குள்ள ஒப்பந்தங்களில், ஆண்டுதோறும் பணவீக்கத்துடன் 3.9 சதவீதமும் சேர்த்து விலை உயரும் என எழுதப்பட்டிருக்கும். பணவீக்கம் மிகுந்திருந்த 2023ஆம் ஆண்டில் இதன்படி சில கம்பனிகளின் விலை 14.4 சதவீதம் உயர்ந்து மக்களைத் திகைக்க வைத்தது. எனவே 2025ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி முதல், புதிய ஒப்பந்தங்களில் வருங்கால உயர்வு பவுண், பென்ஸ் கணக்கிலேயே முன்கூட்டிச் சொல்லப்பட வேண்டும் என்று ஒப்கொம் விதித்தது. உயர்வு தடைசெய்யப்படவில்லை, மறைத்தலே தடைசெய்யப்பட்டது.

சின்னம்மாவுக்குச் சொல்லப்பட்ட விலை 28 பவுண். 24 மாத ஒப்பந்தம். ஒவ்வோர் ஏப்பிரிலிலும் 3 பவுண் உயர்வு. ஒக்டோபரில் தொடங்கினால், முதல் 6 மாதம் 28 வீதம் 168 பவுண். அடுத்த 12 மாதம் 31 வீதம் 372. கடைசி 6 மாதம் 34 வீதம் 204. மொத்தம் 744 பவுண். அஃதாவது, 28 என்று காட்டப்பட்டது உண்மையிற் சராசரி 31 பவுண். வேறொரு கம்பனி 30 பவுண் கேட்டது. ஆனால் 24 மாதமும் உயர்வில்லை. அதன் மொத்தம் 720. காட்சிக்குக் கூடியதாயிருந்த விலை கணக்கிற் குறைந்ததாயிற்று!

மறுநாட் காலை சின்னம்மா இரண்டு மொத்தங்களையும் தாளைப் பார்த்து வாசித்தார். இம்முறை பேசியவர் வேறொருவர். சற்று நேரம் காத்திருக்கும்படி கூறிவிட்டுத் திரும்பி வந்து, 26 பவுண் என்றார். அதே உயர்வுடன் மொத்தம் 696. சின்னம்மா சம்மதித்தார். ஆனால் உடனேயே, “எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள்” என்றார். எழுத்தில் வந்ததை ஒவ்வொரு வரியாக வாசித்தோம். தொலைபேசி மூலம் செய்த இத்தகைய ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் கைவிட அங்கு சட்டம் இடமளிக்கின்றது.

பழைய விலையே நீடித்திருப்பின் 24 மாதத்தில் 1,296 பவுண் ஆகியிருக்கும். மிச்சம் 600 பவுண். இரண்டு அழைப்புகள்; ஒரு தாள்; கணக்குப் போட ஓர் இரவு.

விலையன்றிக் கேட்கத்தக்க வேறு சில

விலை ஒன்றே பேசத்தக்க பொருளென எண்ணலாகாது. அந்நாட்டிற் குறைந்த வருமானமுடையோரும் குறித்த சில அரச உதவிகளைப் பெறுவோரும் சமூகக் கட்டணம் என்னும் மலிவான திட்டத்திற் சேரலாம். மாதம் 20 பவுண் அளவிலும் அதற்குக் குறைவாகவும் இத்திட்டங்கள் உள. ஆயினும் 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒப்கொம் வெளியிட்ட விவரப்படி, தகுதியுடைய ஏறக்குறைய 42 இலட்சம் குடும்பங்களுள் 55,000 குடும்பங்களே இதனைப் பெற்றிருந்தன. கம்பனிகள் இதனைப் பறையறைந்து சொல்வதில்லை, கேட்டவருக்கே கிடைக்கும். சின்னம்மாவின் வருமானம் வரம்பைச் சற்றே தாண்டியமையால் அவருக்கு அது வாய்க்கவில்லை. தகுதியுள்ளவர் வேறெந்தப் பேரத்துக்கும் முன் இதனையே கேட்டல் நன்று.

இணைப்பு முற்றாக அறுந்து இரண்டு வேலை நாட்களுக்குள் திருத்தப்படாவிடின், நாட்கணக்கில் நட்டஈடு தானாகவே வழங்கும் திட்டம் ஒன்று 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் முதல் உண்டு. பெரிய கம்பனிகள் பல அதில் விரும்பிச் சேர்ந்துள்ளன. வேகம் உறுதியளிக்கப்பட்ட அளவுக்குக் கீழே சென்று 30 நாட்களுக்குள் திருத்தப்படாவிடின், தண்டமின்றி விலகும் உரிமையை அளிக்கும் நடைமுறைக் கோவையும் உண்டு.

முதியவர் வாழும் வீடுகளில் இன்னுமொன்றையும் கேட்டல் வேண்டும். பழைய தொலைபேசி முறையை 2027ஆம் ஆண்டு ஜனவரிக்குள் நிறுத்திவிடுவதென 2024இல் அறிவிக்கப்பட்டது. புதிய முறையில் வீட்டுத் தொலைபேசி இணையப் பெட்டியின் வழியே இயங்குமாதலால் மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். வீட்டுத் தொலைபேசியை மாத்திரமே நம்பியிருப்போருக்கு, மின்தடையின்போது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழிசெய்ய வேண்டியது கம்பனியின் கடமை. மின்கலப் பெட்டி தருவீர்களா என்று கேட்க எவரும் கூச வேண்டியதில்லை.

நமது வீடுகளில்

இலங்கையில் நிலைமை வேறு. 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் 1996ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தன. கட்டணத் திட்டங்கள் அதன் அங்கீகாரத்துடன் வருவன. ஆகையால் ஹறோவில் நடந்தது போன்ற பேரம் இங்கு அப்படியே செல்லாது. ஆனால் அதற்கு முன் செய்த முன்னேற்பாடு இங்கும் அப்படியே செல்லும். நாம் எடுத்த திட்டம் நமது பாவனைக்கு ஏற்றதா? ஒவ்வொரு மாதமும் எத்தனை கிகாபைற் மிஞ்சுகின்றது, அல்லது குறைகின்றது? எந்நேரமும் பயன்படும் அளவு எவ்வளவு, நள்ளிரவுக்குப் பின் மாத்திரம் பயன்படும் அளவு எவ்வளவு? வரிகள் சேர்ந்த பின் உண்மையான தொகை என்ன? அதே கம்பனி இப்போது புதியவர்களுக்கு வேறு திட்டம் வழங்குகின்றதா? பல நாட்கள் இணைப்பு இல்லாதிருந்தாற் கட்டணத்தைக் கழிக்கும்படி எழுத்திற் கேட்டோமா? பதில் திருப்தியில்லையாயின் ஆணைக்குழுவிடம் முறையிடலாம் என்பதை அறிவோமா? இவற்றுக்கு விடை காண அரைமணி நேரம் போதும்.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தை வீட்டில் அதிகம் பயன்படுத்துவோர் நீங்கள். பில்லை ஒரு முறையாவது வாசித்தோர் உங்களுள் எத்தனை பேர்? பாடசாலையிற் கற்கும் சதவீதமும் சராசரியும் பரீட்சைத் தாளுக்கு மாத்திரம் உரியனவல்ல. அடுத்த மாதப் பில் வரும்போது பாட்டனார் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுங்கள். பெயருக்கு வந்த கடிதத்தை உடைக்க அஞ்சும் முதியவர் நம் வீடுகளிலும் இருக்கலாம்.

பேரம் பேசும்போது மரியாதை குன்றலாகாது என்பதும் நினைவிலிருக்கட்டும். மறுமுனையில் இருப்பவர் விலையை விதித்தவரல்லர். கூலிக்கு உழைக்கும் யாரோ ஒருவரின் பிள்ளை. அதட்டியவருக்கு அவர் விதியைச் சொல்வார். மதித்தவருக்கு வழியைச் சொல்வார். அதே வேளையில், மரியாதை வேறு, விசுவாசம் வேறு. விசுவாசம் மனிதருக்கு மனிதர் காட்டும் பண்பு. அதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்து நன்றி பாராட்டும் வழக்கம் கம்பனிகளுக்கு இல்லை.

நான் ஊர் திரும்பும் நாளன்று சின்னம்மாவின் சமையலறையில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். விரதங்களும் திருவிழாக்களும் குறிக்கப்பட்டிருந்தன. அதன் கடைசித் தாளின் கீழே அவர் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. முதலாவது: “2027 ஓகஸ்ட் – கம்பனியோடு பேச வேண்டும்.” இரண்டாவது: “600 பவுண் – அக்காவிடம் போய்வர.”

இழுப்பறையில் இருந்த கடிதங்களை அவர் எறிந்துவிடவில்லை. ஒவ்வொன்றாக உடைத்து வாசித்து, சித்தப்பாவின் பெயர் வெளியே தெரியும்படி அடுக்கி, மறுபடி அங்கேயே வைத்திருந்தார்.